குறைத்து வைத்த வேகம்

ஏப்ரல் 16

தேர்வு முடிந்தது. ஒன்பதாம் வகுப்பும் முடிந்தது. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது எல்லாரும் பேனா மையை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேருந்தைப் பிடித்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு மதிய மாத்திரை கொடுக்க வேண்டும்.

இந்த விடுமுறையைப் பற்றி ஒழுங்காக எழுதப் போகிறேன். பிப்ரவரியில் அம்மாவுக்கு மூளையில் ரத்தக் கட்டி அடைத்து, பேச்சும் வலது கையும் போனது. கால் பிழைத்தது. மெதுவாக நடக்கிறார். நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் வருவதில்லை. ஆனால் ஜெபமாலையை எடுத்தால் ஒரு வார்த்தை பிசகாமல் கடைசி வரை சொல்கிறார். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு அப்பா குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதார். பேச்சுப் பயிற்சி டாக்டர் மேடம்தான் விளக்கினார்கள்: மனப்பாடம் ஓர் இடத்தில் இருக்கிறது, பேச்சு வேறு இடத்தில் இருக்கிறது. முழு ஜெபமாலை சொல்ல முடிந்த அம்மாவால் தண்ணீர் கேட்க முடியவில்லை.

பயிற்சிக்குப் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிள், பசு, குடை. அம்மா இன்று பசுவைத் தரையில் வீசினார். எனக்கு வருத்தமில்லை. நாற்பது வயதுக்கு மேல், அதுவும் இத்தனை பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவரிடம், பசுவைக் காட்டி 'இது என்ன' என்று கேட்டால் நானும் வீசுவேன்.

மாலையில் ஓசூரிலிருந்து ரீட்டா பெரியம்மா போனில் பேசினார். அப்பா கூட்ஸ் ரயில் கார்டு. லைனில், அதாவது வண்டியோடு, போனால் இரண்டு நாள் கழித்தும் வருவார். நான் பள்ளிக்குப் போய்விட்டால் அம்மாவைத் தனியாக விட முடியாது. அதனால் ஜூனில் அம்மாவையும் என்னையும் ஓசூருக்கே அழைத்துப் போவதாகப் பெரியம்மா சொல்கிறார். பெரியப்பா ஓய்வு பெற்றவர், எப்போதும் வீட்டில் இருப்பார். நான் பத்தாம் வகுப்பை அங்கே படிக்கலாம். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பெரியம்மா கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் கல்லுக்குழி ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டுப் போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஏப்ரல் 17

பசுவுக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்குமா என்று பரண் மேல் தேடினேன். அம்மாவின் சீட்டுக்கட்டு, உடைந்த செஸ் அட்டை, ஒரு சிடி. சிடியின் மேல் அம்மாவின் கையெழுத்தில் 'கேம்ஸ் – டாஸ்' என்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவர் என்று தெரியும். விளையாடினார் என்று தெரியாது. என்னை ஒருநாள்கூட போனில் விளையாட விட்டதில்லையே.

கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா அதை இடது கையால் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரீட்டா" என்றார்.

என் பெயர் செலின். அம்மாவுக்கு இப்போது நான் ரீட்டா, சில நேரம் தண்ணி, ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் போகிறேன். அதனால் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 18

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஷகிலா அக்கா பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. அவரிடம் சிடி போடும் வசதியுள்ள ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. இரவல் கேட்டேன். "உங்க அம்மா எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கறேன்னு என் காதைத் திருகினவங்க. அவங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கடீ" என்றார். லேப்டாப்பின் வலது பக்கக் கன்ட்ரோல் விசை பிய்ந்து போயிருந்தது. அவருடைய தம்பி பிடுங்கினானாம். கூடவே, "தொட்டுடாத, ஷாக் அடிக்கும்" என்றும் சொன்னார். அடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன்.

சிடியில் விளையாட்டுகள் இருந்தன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. அவை அந்தக் காலத்து டாஸ் கணினிக்காக எழுதப்பட்டவை. இப்போதைய கணினிக்கு அவற்றின் பேச்சு புரியாது. அதற்கு டாஸ்பாக்ஸ் என்று ஒரு எமுலேட்டர் இருப்பதாக ஷகிலா அக்கா சொன்னார். புதுக் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள். இலவசம். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, எல்லாருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

ஏப்ரல் 20

ஒரு விளையாட்டு திறந்தது. திறந்த வேகத்திலேயே முடிந்தது. பாம்பு கிளம்புவதற்குள் சுவரில் முட்டிச் செத்தது. மறுபடியும் செத்தது. கார் பந்தயத்தில் கார் எங்கே என்றே தெரியவில்லை, 'ஆட்டம் முடிந்தது' மட்டும் தெரிந்தது.

ஷகிலா அக்கா எதையும் முழு வேகத்தில் வைப்பவர், மின்விசிறி உட்பட. எமுலேட்டரையும் அப்படித்தான் வைத்திருந்தார். கூடவே ஒரு 'ரீட்மீ' கோப்பு வருகிறது. என்னைப் படி என்று பெயரிலேயே கெஞ்சினாலும் யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. நான் முழுவதும் படித்தேன். பழைய விளையாட்டுகள் சில, கணினி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும்படி எழுதப்பட்டவை. அதனால் நம் கணினியை வேண்டுமென்றே மந்தமாக்க வேண்டும். அந்த வேகம் விளையாட்டு ஓடும் சாளரத்தின் மேல் விளிம்பில் ஓர் எண்ணாகத் தெரியும். கன்ட்ரோலோடு எஃப் பன்னிரண்டைச் சேர்த்து அழுத்தினால் கூடும், எஃப் பதினொன்று என்றால் குறையும். வலது கன்ட்ரோல் இல்லாததால், இடது கோடியில் ஒரு கையும் வலது கோடியில் ஒரு கையும் வைத்து அழுத்த வேண்டியிருக்கிறது.

மூவாயிரத்தில் வைத்தேன். பாம்பு பாம்பைப் போல ஊர்ந்தது.

ஏப்ரல் 21

சத்தமும் வந்துவிட்டது. கொசு பாடுவது போல இருக்கிறது. ஆனாலும் பாட்டு.

ஏப்ரல் 24

நூலகம் கட்டுகிறேன். உண்மையான நூலகம் போலவே. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி உறை, தனிப் படம், அதன் கீழ் நான் எழுதிய குறிப்பு. பெயரைத் தட்டினால் திறக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் செய்வது போல வகை பிரித்தேன்: ஓட்டம், புதிர், சண்டை, அலைச்சல். சண்டையைக் கீழ்த் தட்டில் வைத்தேன்.

எனக்குப் பிடித்தது 'யார்டு'. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்ஸ் பெட்டிகள் உருண்டு வரும். சிவப்புப் பெட்டி சிவப்புக் கொட்டகைக்கும், நீலப் பெட்டி நீலக் கொட்டகைக்கும் போகும்படி தண்டவாளத்தை நாம் திருப்பிவிட வேண்டும். போகப் போக வேகம் கூடும். ஒரு கட்டம் முடிந்தால் சின்னதாக ஒரு பாட்டு வரும். இதற்கு அம்புக்குறி விசைகள்தான், ஆனால் அவை வலது பக்கம் இருக்கின்றன. எமுலேட்டரில் விசைகளை இடம் மாற்றலாம். இடது கைக்கு எட்டும் எழுத்துகளுக்கு மாற்றினேன். அந்த முகம் தெரியாதவர்கள் இதையும் யோசித்திருக்கிறார்கள்.

நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எமுலேட்டரின் கறுப்புத் திரை திறந்திருந்தது. சட்டென்று இடது கையை நீட்டி மூன்று எழுத்துகளைத் தட்டினார். டி, ஐ, ஆர், பிறகு என்டர். உள்ளே இருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லும் கட்டளை. திரை முழுக்கப் பெயர்கள் ஓடின. அம்மா நிமிர்ந்து, டியூஷன் பிள்ளைகளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து நாளாயிற்று.

ஏப்ரல் 27

அம்மா 'யார்டு' விளையாடினார். முதல் கட்டத்திலேயே பெட்டிகள் மோதிக் குவிந்தன. மறுபடி. மறுபடி. அப்பா லைனிலிருந்து வந்து, குளிக்காமல்கூட நின்று வேடிக்கை பார்த்தார். "ஜெசி, இந்த மாதிரி ஷன்டிங் பண்ணா என்னை சஸ்பெண்ட் பண்ணிருவாங்க" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். அம்மா லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 28

அமைப்புக் கோப்பைத் திறந்து 'யார்டு' வேகத்தை ஆயிரத்து இருநூறாகக் குறைத்தேன். மேலே எண் தெரியாமலிருக்க, முழுத் திரையில் திறக்கும்படி செய்தேன். பெட்டிகள் வயதானவர்களைப் போல வந்தன. அம்மா முதல் கட்டத்தை முடித்தார். பிறகு இரண்டாவதையும். இது ஏமாற்று இல்லை. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோமே, அது போல.

மே 2

அம்மா தினமும் ஜெயிக்கிறார். வீடே லேசாகிவிட்டது. அப்பா மூன்று மாதத்துக்குப் பிறகு மீன் வாங்கி வந்தார். ஷகிலா அக்கா வந்து பார்த்துவிட்டு, "மிஸ் பின்றாங்கடீ" என்று சொல்லிவிட்டு, என் காதோரம் குனிந்து, "என்ன, ஆமை வேகத்துல ஓடுது?" என்று கேட்டார். நான் கண்ணைக் காட்டினேன். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லவர்.

பெரியம்மா வீடியோ காலில் வந்தார். ஓசூர் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்களாம். "உனக்குச் சந்தோஷம்தானடி ஜெசி?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். உதடு ஏதோ செய்தது. பெரியம்மா காத்திருப்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "சரின்னு சொல்றாங்க பெரியம்மா" என்றேன். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

இப்போதெல்லாம் அம்மாவுக்குப் பதில் நான்தான் பேசுகிறேன். டாக்டர் மேடத்திடம், பால்காரரிடம், பங்குத் தந்தையிடம். நன்றாகவே பேசுகிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

மே 9

மாற்றுச் சான்றிதழ் கேட்டு அப்பாவோடு பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை இல்லை. மாத இறுதியில் வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பள்ளி நூலகத்தின் ஜன்னல் மூடியிருந்தது. விடுமுறையில் எப்போதும் மூடித்தான் இருக்கும்.

மே 13

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அம்மா 'யார்டு' விளையாடிக்கொண்டிருந்தார். கட்டம் முடிந்து அந்தப் பாட்டு வந்தது. நான் கவனிக்கவே இல்லை. அது எப்போதும் வருவதுதானே. அம்மா விளையாட்டை நிறுத்தினார். மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆடி, மறுபடி அந்தப் பாட்டு வரை வந்தார். பிறகு மேசையில் விரலால் தட்டினார். வேகமாக, துள்ளலாக. பாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் லேப்டாப் அதே பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது. ஊர்வலம் முடிந்து களைத்துப் போன பேண்டு செட்டைப் போல.

அந்த விளையாட்டில் பெட்டிகளுக்கும் பாட்டுக்கும் ஒரே வேகம்தான். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றும் இழுக்கும். எனக்கு இது தோன்றவே இல்லை. நான் அந்தப் பாட்டை அதன் சரியான வேகத்தில் அதிகம் கேட்டதில்லை. அம்மா அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் எத்தனை பேருக்கு அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருப்பார்.

"செலின் மேரி" என்றார்.

எங்கள் வீட்டில் என் முழுப் பெயரை யாராவது சொன்னால் அடி நிச்சயம். கையில் அரிசியோடு அப்படியே நின்றேன்.

"ரயிலு" என்றார் அம்மா. மூச்சு வாங்கினார். அடுத்த வார்த்தைக்காக முகம் எல்லாப் பக்கமும் போய்த் தேடியது. எனக்கு அந்த வார்த்தை தெரியும். எடுத்துக் கொடுக்க வாய் வரை வந்தது. பயத்தில் கொடுக்கவில்லை. "ரயிலு... ஏன்... மெதுவா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"பொய்யி" என்றார். அது உடனே வந்தது. பிறகு திரையைக் காட்டினார். "ஜெயிச்சது... நான்... இல்ல."

அம்மா அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் காதைப் பிடித்துத் திருகினார். இடது கைதான், ஆனால் நல்ல திருகல். காது இன்னும் எரிகிறது.

கடவுளே, நன்றி. பிப்ரவரிக்குப் பிறகு இந்த வீட்டில் என்னை யாருமே திட்டவில்லை. எல்லாரும் என்னை 'பாவம் பொண்ணு' என்றே பார்த்தார்கள். இன்று அம்மா என்னைத் திட்டினார். என் பெயரைச் சொல்லித் திட்டினார்.

மே 14

வேகத்தை மூவாயிரமாக்கினேன். முழுத் திரையையும் எடுத்துவிட்டேன். மேல் விளிம்பில் இருக்கும் எண்ணை அம்மாவுக்குக் காட்டி, எதை அழுத்தினால் கூடும், எதை அழுத்தினால் குறையும் என்று எல்லாம் சொன்னேன். காலை முழுவதும் தோற்றார். ஒவ்வொரு தடவையும் "மறுபடி" என்றார். மதியத்துக்குள் அந்த வார்த்தை தடங்கல் இல்லாமல் வந்தது.

மே 20

டாக்டர் மேடத்திடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், சிரித்தார்கள். பசு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள்: அம்மா பேசத் தொடங்கினால் நான் வாயைத் திறக்கக் கூடாது. இதுவரை செய்ததில் இதுதான் கஷ்டமாக இருக்கிறது. பால்காரர் முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் எனக்குப் பல்வலி என்று நினைத்து கிராம்பு வைக்கச் சொன்னார். அம்மா அவரிடம் "நாளைக்கு... ரெண்டு" என்றார். நாளைக்கு இரண்டு பாக்கெட் வரும்.

மே 29

பெரியம்மா காரோடு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகப் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினார். எனக்கு ஓர் அழகான புத்தகப் பையும் வாங்கி வந்திருந்தார். அப்பா மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

அம்மா அட்டைப் பெட்டியிலிருந்து குக்கரை எடுத்து அடுப்பு மேல் வைத்தார். பெரியம்மா அதை மறுபடி பெட்டியில் வைத்தார். அம்மா மறுபடி எடுத்தார்.

"என்னடி சொல்றா உங்க அம்மா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். "அம்மாகிட்டயே கேளுங்க பெரியம்மா" என்றேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நீண்ட நேரம் போனது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா இரண்டு தடவை என் பக்கம் திரும்பினார். அப்பா நடப்பதை நிறுத்தினார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"என் வீடு" என்றார். பிறகு, "நான்... இங்க. செலின்... இங்க. படிக்கணும்."

பெரியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபம் இல்லை. "எனக்கு மட்டும் ஆசையாடி உன்னைப் பிரிச்சிட்டுப் போக?" என்றார். "இவர் லைனுக்குப் போயிடுவார், இவ ஸ்கூலுக்குப் போயிடுவா. அவசரம்னா என்ன பண்ணுவ? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

அம்மா போனை எடுத்தார். இடது கட்டைவிரலால் ஓர் எண்ணைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் ஷகிலா அக்காவின் குரல் எங்களுக்கே கேட்டது. அம்மா, "ஷகி. வா" என்றார்.

அவ்வளவுதான். போனை வைப்பதற்குள் ஷகிலா அக்கா வந்துவிட்டார். தலையில் மருதாணி அப்படியே, தோளில் துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னாலேயே அவருடைய அம்மாவும் கரண்டியோடு ஓடி வந்தார். "என்ன மிஸ், என்ன ஆச்சு?" என்று அக்கா மூச்சிரைக்கக் கேட்டார். நாங்கள் எல்லாரும் நன்றாக இருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார்.

"சும்மா" என்றார் அம்மா.

பெரியம்மா சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. அப்பா விண்ணப்பத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஷகிலா அக்காவின் அம்மா, தினமும் காலையிலும் மதியத்திலும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொல்லும்போது கரண்டியிலிருந்து குழம்பு எங்கள் தரையில் சொட்டியது. பெரியம்மாதான் துடைத்தார்.

மே 31

பெரியம்மா கிளம்பினார். புத்தகப் பையை என்னிடமே விட்டுவிட்டார். அந்த வெள்ளையடித்த அறைக்குக் கிறிஸ்துமஸுக்கு வருவோம் என்று அம்மா சொன்னார். உண்மையில் "கிறிஸ்மஸ்" என்று மட்டும்தான் சொன்னார். பெரியம்மாவுக்குப் புரிந்தது.

ஜூன் 10

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு, அதே பள்ளி, ஜன்னலோர இடம். நூலகத்தின் ஜன்னலும் திறந்திருந்தது.

நாள் முழுவதும் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நேற்றே லைனுக்குப் போய்விட்டார். கடைசி மணி அடித்ததும் ஓடினேன். அம்மா கூடத்தில் 'யார்டு' ஆடிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கூடக் கவனிக்கவில்லை. பெட்டிகள் நான் பார்த்திராத வேகத்தில் வந்தன. சரமாரியாக மோதின. பாட்டு துள்ளியது.

மேல் விளிம்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன். நான் வைத்த மூவாயிரம் இல்லை. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"ஷகிலா அக்கா வந்து மாத்தினாங்களா?" என்று கேட்டேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான்" என்றார்.

கன்ட்ரோலும் எஃப் பன்னிரண்டும் சேர்ந்தால்தான் வேகம் கூடும். புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் கைக்குக் குறுக்கே என் ஒரு கையை நீட்டி, விரல்களை முடிந்தவரை விரித்துப் பார்த்தேன். எட்டவில்லை. யாருடைய ஒற்றைக் கைக்கும் எட்டாது.

அப்போதுதான் அம்மாவின் வலது கையைப் பார்த்தேன். எப்போதும் மடியில் கிடக்கும் கை, மேசையின் மேல், விசைப்பலகையின் ஓரத்தில் இருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக நீண்டிருந்தது.

"மறுபடி" என்றார் அம்மா. பெட்டிகள் மோதிவிட்டன. நான் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.